நீலகிரியில் உறைபனிக் காலம்: விடியலுக்கு முன் எழுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஏப்ரல், மே மாதங்களில் உதகமண்டலத்துக்குப் போகிறவர்கள் வெயிலுக்குத் தப்பிப் போகிறார்கள்; மார்கழியிலும் தையிலும் போகிறவர்கள் குளிரைத் தேடிப் போகிறார்கள். ஊர் ஒன்றே என்றாலும் பயணம் ஒன்றல்ல. கோடையில் காலைச் சிற்றுண்டியை நிதானமாக முடித்துக்கொண்டு பத்து மணிக்கு அறையை விட்டுக் கிளம்பினாலும் பெரிதாக எதையும் இழப்பதில்லை. பனிக்காலத்தில் அந்த நேரத்துக்குள் அன்றைய நாளின் மிக அரிய காட்சி உருகி, நீராகி, ஆவியாகவும் போயிருக்கும். தமிழர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பிரித்தபோது மார்கழியையும் தையையும் முன்பனிக் காலம் என்றார்கள். அந்தப் பெயரின் முழுப் பொருளைக் கண்ணால் காண வேண்டுமென்றால் தமிழ்நாட்டில் அதற்கு நீலகிரியைவிடப் பொருத்தமான மலை இல்லை என்பது என் கருத்து. பனிக்காலத்தில் எங்கே போகிறோம் என்பதைவிட எப்போது போகிறோம் என்பதே முக்கியம் என்பதால், இந்தக் குறிப்புகளை இடங்களின் வரிசையில் எழுதாமல் பெரும்பாலும் பொழுதுகளின் வரிசையில் எழுதுகிறேன்.

எந்த வாரத்தில் போவது

நீலகிரியில் இரண்டு பருவமழைகளும் பெய்கின்றன. தொட்டபெட்டா மலைத்தொடருக்கு மேற்கே உள்ள கூடலூர், அவலாஞ்சி போன்ற பகுதிகளுக்குத் தென்மேற்குப் பருவமழை மிகுதி. கிழக்குச் சரிவில் இருக்கும் குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை மிகுதி. ஆகவே குளிர்காலம் என்று எண்ணி நவம்பரில் மலையேறுகிறவர்கள் பல ஆண்டுகளில் பனிக்குப் பதிலாக மழையையும், மண்சரிவால் அடைபட்ட மலைப்பாதையையும், நிறுத்தப்பட்ட மலை ரயிலையும் சந்திக்க நேர்கிறது. நீர்ப்பனி நவம்பரிலேயே விழத் தொடங்கும். உறைபனியும் அவ்வப்போது தலைகாட்டும். ஆனால் மழைமேகம் விலகி, வானம் தெளிந்து, பனி நிலையாக விழுவது டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரித் தொடக்கம் வரையிலான காலத்தில்தான். அதிலும் கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரையிலான வாரத்திலும் பொங்கல் விடுமுறையிலும் மலைப்பாதைகளில் வண்டிகள் ஊர்ந்துதான் செல்லும். பொங்கல் கூட்டம் இறங்கிய பிறகு, ஜனவரி மாதக் கடைசி இரண்டு வாரங்களின் வேலை நாள்களைத் தேர்ந்தெடுக்க முடிந்தவர்கள் பாக்கியசாலிகள்.

கிளம்புமுன் இரண்டு செய்திகளை நினைவில் கொள்ள வேண்டும். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவின்படி, 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வெளியூர் வண்டிகளில் வருகிறவர்கள் இணையத்தில் இ-பாஸ் எடுத்துக்கொண்டு வர வேண்டும் என்ற முறை நடைமுறைக்கு வந்தது. நடைமுறையும் கட்டுப்பாடுகளும் அவ்வப்போது மாற்றப்படுவதால், பயண வாரத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது. அடுத்தது, ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் நெகிழிப் பொருள்களுக்கும் தண்ணீர் பாட்டில்களுக்கும் இம்மாவட்டத்தில் தடை இருப்பதால், ஆளுக்கு ஓர் எஃகு பாட்டிலும் குடும்பத்துக்கு ஒரு நல்ல வெந்நீர்க் குடுவையும் எடுத்துச் செல்ல வேண்டும். பனிக்காலத்தில் அந்தக் குடுவை எவ்வளவு உதவுகிறது என்பதை விடியற்காலை ஐந்தரை மணிக்கு உணர்வீர்கள்.

உறைபனியைப் பார்க்கும் முறை

உறைபனி வானத்திலிருந்து கொட்டுவதில்லை. மேகமும் காற்றும் இல்லாத இரவில் நிலம் தன் வெப்பத்தைத் தடையின்றி வானத்துக்கு இழந்துவிடுகிறது. தரையை ஒட்டிய காற்றில் உள்ள ஈரம் புல்லின் மேல் பனிப்படிகமாக உறைகிறது. குளிர்ந்த காற்று கனமானது என்பதால் அது நீரைப் போலவே சரிவில் வழிந்து பள்ளங்களில் தேங்குகிறது. இந்த ஒரு விதியைப் புரிந்துகொண்டால், எங்கே போய் நிற்க வேண்டும் என்பது தானாகவே விளங்கிவிடும். முதன்முறை வருகிறவர்கள், உயரம் கூடக் குளிரும் கூடும் என்ற கணக்கில் 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா உச்சிக்கு உறைபனியைத் தேடி ஏறுவதுண்டு. அமைதியான பனி இரவுகளில் அந்த உச்சியைவிடக் கீழே உள்ள பள்ளத்தாக்குகளின் தரைதான் அதிகமாகக் குளிர்கிறது. தலைகுந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம், அரசு தாவரவியல் பூங்காவின் புல்வெளி, எமரால்டு, அவலாஞ்சிப் பகுதிகளின் தாழ்ந்த புல்வெளிகள் ஆகியவை ஆண்டுதோறும் வெண்மை போர்த்தும் இடங்கள். அவலாஞ்சியில் 2019 ஆகஸ்ட் மாதத்தில் ஒரே நாளில் 911 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அதே மண் ஜனவரியில் காலடியில் நொறுங்கும் அளவுக்கு உறைந்து கிடக்கும்.

மறுநாள் உறைபனி விழுமா என்பதை முந்தைய இரவே ஓரளவு கணித்துவிடலாம். மாலையில் மேகம் இல்லாமலும் மரக்கிளைகள் அசையாமலும் இருந்து, இரவு ஒன்பது மணிக்குள் காரின் கூரையில் ஈரம் படரத் தொடங்கியிருந்தால் கடிகாரத்தில் அலாரம் வைத்துக்கொண்டு படுக்கலாம். மேகம் மூடியிருந்தாலோ காற்று வீசினாலோ நிம்மதியாகத் தூங்கலாம். அன்று பனி ஏமாற்றிவிடும். கைப்பேசியில் தெரியும் வெப்பநிலையை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது. அந்த எண் ஆள் மார்பளவு உயரத்தில் உள்ள காற்றின் வெப்பநிலையைக் குறிப்பது. காற்று 3 டிகிரியில் இருக்கும்போதே புல் நுனி பூச்சியத்துக்குக் கீழே போயிருக்கக்கூடும்.

ஜனவரியில் இங்கே சூரியன் ஏறத்தாழ 6.45 மணிக்கு உதிக்கிறது. ஆறு மணிக்கே போய்ச் சேர்ந்துவிட வேண்டும். முதலில் சாம்பல் நிறமாகத் தெரியும் புல்வெளி, வெளிச்சம் கூடக் கூட வெண்மையாகி, முதல் கதிர் பட்டதும் மின்னத் தொடங்கும். மலை நிழல் விலகுவதற்கு ஏற்ப அந்த மின்னல் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு மெதுவாக நகர்ந்து வரும். அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் நீர்த்துளிகளாகிவிடும். உதகை ஏரிக்கும் இதே பொழுதில் போய்ப் பார்க்கலாம். கோவை ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1824இல் உருவாக்கிய அந்த ஏரியின் நீர், மேலே உள்ள காற்றைவிட வெதுவெதுப்பாக இருப்பதால், பரப்பு முழுவதும் வெந்நீர் அண்டாவைப் போல ஆவி எழும்பிக்கொண்டிருக்கும். படகுச் சவாரியைப் பகலில் யார் வேண்டுமானாலும் செய்யலாம்; இந்த ஆவியைக் காண்பதற்கு விடியற்காலைதான் வேண்டும்.

இரண்டு வேண்டுகோள்கள். உறைந்த புல்லின் மேல் நடக்கக் கூடாது. உறைந்திருக்கும் இலை மிதிபட்டால் உடைந்துவிடும். சில நாள்களில் நம் காலடித் தடங்கள் பழுப்பு நிறத்தில் புல்வெளியில் பதிந்திருக்கும். தலைகுந்தா போன்ற இடங்களின் புல்வெளிகள் பெரும்பாலும் வனத்துறைக்குரியவை என்பதால் சாலையோரத்தில் நின்றே பார்க்க வேண்டும். நாம் வியந்து படமெடுக்கும் இதே காட்சி, தேயிலையும் மலைக்காய்கறியும் பயிரிடுகிறவர்களுக்கு இழப்பு என்பதையும் மனத்தில் வைத்திருக்க வேண்டும். கொழுந்துகள் கருகிவிடும், காரட், பீட்ரூட், உருளைக்கிழங்கு வயல்களில் விடியுமுன்பே நீர் தெளித்துப் பனியை மெல்லக் கரைப்பார்கள், நாற்றுகளை இலைதழைகளால் மூடி வைப்பார்கள். தோட்டக்காரர் ஒருவர் நீர் தெளித்துக்கொண்டிருந்தால், படத்துக்காக அவரைச் சற்று நிறுத்தச் சொல்வது முறையன்று.

உடையும் அறையும்

"தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்று சமவெளியிலேயே சொல்லி வைத்திருக்கிறார்கள். உதகையில் பனிக்காலப் பகல் 20 டிகிரியைத் தொடும். இரவு 5 டிகிரிக்கும் கீழே இறங்கும். ஒரே நாளில் இவ்வளவு வேறுபாடு இருப்பதால், ஒரே ஒரு கனத்த ஜெர்கினைவிட ஒன்றன்மேல் ஒன்றாக அணியக்கூடிய மூன்று மெல்லிய அடுக்குகள்தான் பயன்படும். உள்ளே உடலை ஒட்டிய பனியன் வகை, நடுவில் கம்பளி ஸ்வெட்டர், வெளியே காற்றுப் புகாத மேலங்கி. வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாகக் கழற்றிப் பையில் வைத்துக்கொள்ளலாம். வியர்வையால் நனைந்த பருத்தி உடை உலர நேரமாகும். அது குளிரை இரட்டிப்பாக்கும் என்பதால் நடைப்பயணத்துக்குப் பிறகு உள்ளாடையை மாற்றிக்கொள்ள வேண்டும். காதை மூடும் குல்லா, கையுறை, இரண்டு இணை கம்பளிக் காலுறை ஆகியவற்றை மறக்கக் கூடாது. உயரமான இடத்து வெயில் குளிர்ச்சியாகத் தோன்றினாலும் தோலைச் சுட்டுவிடும், காற்றும் வறண்டது. உதட்டிலும் குதிகாலிலும் பூசுவதற்குத் தேங்காய் எண்ணெயை எடுத்துச் சென்றால் அது பாட்டிலுக்குள் கல்லாக உறைந்து கிடக்கும். வாசலின் போன்ற களிம்பு உதவும்.

அறையைப் பதிவு செய்யும்போது பலரும் ஏரி தெரிகிறதா, மலை தெரிகிறதா என்றே கேட்கிறார்கள். பனிக்காலத்தில் கேட்க வேண்டியவை வேறு: சன்னல் கிழக்கு நோக்கியதா, வெந்நீர் எந்த நேரத்தில் வரும், அறைக்கு மின்சார ஹீட்டர் உண்டா, கூடுதல் கம்பளி கிடைக்குமா. கிழக்குச் சன்னல் உள்ள அறை காலை எட்டு மணிக்கே சூடாகிவிடும்; வடக்குப் பார்த்த அறை நாள் முழுவதும் ஈரமாகவே இருக்கும்.

இந்த வழிகாட்டியில் எதை மறந்தாலும் அடுத்து வருவதை மட்டும் மறக்க வேண்டாம். குளிருக்கு இதமாக இருக்கும் என்று கரி அடுப்பையோ, இறைச்சி சுட்ட பிறகு கனன்றுகொண்டிருக்கும் கரித் தட்டையோ அறைக்குள்ளும் கூடாரத்துக்குள்ளும் வைத்துக்கொண்டு ஒருபோதும் தூங்கக் கூடாது. அதிலிருந்து வெளிவரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமோ மணமோ இல்லை. மூடிய அறையில் தூங்குகிறவர்கள் தூக்கத்திலேயே உயிரிழந்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டு மலையூர்களில் இப்படிப்பட்ட மரணங்கள் நடந்திருக்கின்றன. எரிவாயுவால் இயங்கும் கீசர் உள்ள குளியலறையிலும் சன்னலைச் சற்றுத் திறந்து வைத்துக்கொண்டே குளிக்க வேண்டும். வெளியில் தீ மூட்டிக் குளிர்காய விரும்பினால், விடுதிக்காரர்கள் அதற்கென்று ஒதுக்கிய இடத்தில், அவர்கள் மேற்பார்வையில் மட்டுமே செய்ய வேண்டும். உறைபனியில் கருகிய புல் ஜனவரிக் கடைசியிலிருந்தே வைக்கோலாகக் காய்ந்து நிற்கிறது. நீலகிரியின் காட்டுத்தீக் காலம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

மலை ரயில்

மேட்டுப்பாளையத்திலிருந்து காலையில் புறப்படும் மலை ரயிலைப் பற்றி அறியாதவர்கள் இல்லை. ஆனால் பனிக்காலத்தில் அதில் ஏறுவதற்குத் தனிக் காரணம் உண்டு. 326 மீட்டர் உயரத்தில் தொடங்கி 2,203 மீட்டர் உயரத்தில் முடியும் அந்த 46 கிலோமீட்டர் பயணத்தில், காற்று எப்படிப் படிப்படியாக மாறுகிறது என்பதை உடலே உணரும். கல்லாறில் பாக்குத் தோப்பின் புழுக்கம் இருக்கும். ஹில்குரோவ் தாண்டும்போது சன்னல் கம்பி சில்லிடும். குன்னூரில் எல்லோரும் ஸ்வெட்டரைத் தேடுவார்கள். குன்னூர் வரையிலான பாதை 1899இலும் உதகை வரையிலான பாதை 1908இலும் திறக்கப்பட்டன. யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற தகுதி 2005இல் கிடைத்தது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே 12 அடிக்கு 1 அடி உயரும் செங்குத்தான ஏற்றத்தில், தண்டவாளங்களுக்கு நடுவே பதித்த பற்சட்டத்தை எஞ்சினின் பற்சக்கரம் கவ்விக்கொள்ள, நீராவி எஞ்சின் பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு ஏறும். குளிர்ந்த காற்றில் நீராவி உடனே கலைந்துவிடாமல் வெண்புகையாகத் திரண்டு நிற்கும் என்பதால், இந்த எஞ்சின் பனிக்காலத்தில்தான் முழு அழகோடு தெரிகிறது.

மேட்டுப்பாளையத்தில் ஏறுவதற்கு முன்பதிவு பல வாரங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும். கிடைக்காதவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. குன்னூரிலிருந்து உதகைக்கு டீசல் எஞ்சினில் ஓடும் ரயில்களில் ஒன்றைப் பிடித்து, வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் வழியாகப் போனால், கேத்திப் பள்ளத்தாக்கின் அடுக்கு வயல்களைக் காலை வெயிலில் பார்க்கலாம். மழை நின்று ஓரிரு வாரங்களே ஆகியிருந்தால், பாதை திறந்திருக்கிறதா என்று முந்தைய நாளே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

வெயில் ஏறிய பிறகு

காலை எட்டு மணி முதல் பதினொரு மணி வரை மலைமுகடுகளுக்கான பொழுது. அதற்குப் பிறகு சமவெளியின் புழுதியும் மங்கலும் மேலேறி, தொலைவை மறைத்துவிடும். கோத்தகிரியை அடுத்த கோடநாடு காட்சிமுனையிலிருந்து மோயாற்றுப் பள்ளத்தாக்கையும் ரங்கசாமி மலைமுடியையும் காண இதுவே ஏற்ற நேரம். சில நாள்களில் பள்ளத்தாக்கை மேகம் நிரப்பி, மலைமுடிகள் மட்டும் தீவுகளைப் போலத் தலைநீட்டிக்கொண்டிருக்கும். குன்னூர்ப் பக்கத்து டால்பின் மூக்கு, லேம்ப்ஸ் பாறை ஆகிய இடங்களும் காலைக்கே உரியவை. இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்றாலும், என்னைக் கேட்டால் ஏதேனும் ஒன்றில் முழுக் காலையையும் செலவிடச் சொல்வேன்.

உச்சிப் பொழுது சோலைகளுக்கு உரியது. மலை மடிப்புகளில், ஓடையோரங்களில் குள்ளமாக, நெருக்கமாக வளர்ந்து நிற்கும் காடுகளைத்தான் இங்கே சோலை என்கிறார்கள். பனிக்காலத்தில் அங்கே உள்ளூர்ப் பறவைகளோடு விருந்தாளிகளும் சேர்ந்துகொள்கின்றன. இமயமலையின் வடமேற்கில் கூடுகட்டும் காஷ்மீர் ஈப்பிடிப்பான், இலங்கையின் மலைநாட்டிலும் நீலகிரி உள்ளிட்ட தென்னக மலைகளிலும்தான் குளிர்காலத்தைக் கழிக்கிறது. உலகில் மிகச் சில இடங்களிலேயே பார்க்கக் கிடைக்கும் அந்தச் சிறு பறவை, உதகைச் சாலையோர மரமொன்றில் வாலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைக் கண்டவர்களுக்கு அந்தப் பயணத்தில் வேறெதுவும் தேவைப்படாது. ஓடையோரக் கற்களில் சாம்பல் வாலாட்டிகள் துள்ளும். நீலகிரிச் சிரிப்பான் இம்மலைக்கே உரிய குடி; நீலகிரி ஈப்பிடிப்பான் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதிக்கு உரியது. உதகையை அடுத்த கேர்ன் ஹில், கோத்தகிரியின் லாங்வுட் சோலை, குன்னூரின் சிம்ஸ் பூங்கா ஆகியவை தொடக்கநிலையினருக்கு ஏற்றவை. சோலைகள் வனத்துறையின் பாதுகாப்பில் இருப்பதால் உரிய அனுமதியோடும் வழிகாட்டியோடும் மட்டுமே உள்ளே போக வேண்டும். பளிச்சென்ற நிற ஆடைகளைத் தவிர்த்து, ஓரிடத்தில் கால் மணி நேரம் அசையாமல் நின்றால் பறவைகள் தாமாகவே வெளிப்படும். ஒலிபெருக்கியில் பறவைக் குரலைப் போட்டு அவற்றை வரவழைப்பது, குளிரில் இரை தேடும் உயிர்களின் ஆற்றலை வீணாக்கும் செயல். அதைச் செய்யவே கூடாது.

தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே நடக்கிறவர்கள் காட்டெருமைகளைக் கவனத்தில் கொள்ள வேண்டும். குன்னூர், கோத்தகிரிப் பகுதிகளில் அவை தோட்டங்களுக்குள்ளேயே மேய்கின்றன, கரடிகளும் உண்டு. மாடு போல அமைதியாகத் தெரிகிறதே என்று அருகில் போவதும், முதுகைக் காட்டிப் படமெடுத்துக்கொள்வதும் ஆபத்தானவை. மாலை ஐந்து மணிக்கு மேல் தோட்டப் பாதைகளில் நடப்பதைத் தவிர்த்து, ஊர்க்காரர்கள் போகும் சாலையிலேயே திரும்ப வேண்டும்.

தேயிலையைப் பற்றி ஒரு சொல். குளிரில் செடி மெதுவாகத் துளிர்ப்பதால் பனிக்காலக் கொழுந்துக்குத் தனி மணம் உண்டு; விளைச்சல் குறைவு, விலை கூடுதல். தேநீர்க் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் பாலில் நிறம் இறக்குவதற்கென்று குருணையாகச் செய்த சி.டி.சி. வகை. மணத்தை அறிய வேண்டுமென்றால், இலை முறுக்கிச் செய்த ஆர்த்தடாக்ஸ் வகையில், டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பறித்ததைக் கேட்டு வாங்க வேண்டும். கொதித்து இறக்கிய நீரில் மூன்று நிமிடம் ஊறவைத்து, பாலும் சர்க்கரையும் சேர்க்காமல் முதல் கோப்பையைக் குடித்துப் பார்க்கலாம். பார்வையாளர்களை அனுமதிக்கும் தொழிற்சாலைக்குள் போனால், கொழுந்து வாடுவதும் முறுக்குப்படுவதும் பச்சை நிறம் செம்பு நிறமாவதும் உலர்வதும் வரிசையாகக் காணக் கிடைக்கும். கண்ணைவிட மூக்குக்கு அங்கே வேலை அதிகம். வெளியே வந்ததும் சூடான தேநீரில் தோய்த்துச் சாப்பிட உதகை வர்க்கியைத் தவிர வேறெதையும் பரிந்துரைக்க மாட்டேன்.

மலையில் வாழ்கிறவர்களின் பண்டிகைக் காலம்

சுற்றுலா விளம்பரங்கள் அதிகம் பேசாத ஒன்று, இந்தக் குளிர்காலம்தான் நீலகிரிக் குடிகளின் பெரிய பண்டிகைக் காலம் என்பது. படகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகை டிசம்பர் இறுதியிலும் ஜனவரியிலும் நடக்கிறது. கோத்தகிரியை அடுத்த பேரகணிக்கு வெள்ளை உடை உடுத்தியவர்கள் ஊர் ஊராகத் திரண்டு நடந்து வருவது உள்ளத்தைத் தொடும் காட்சி. ஏறத்தாழ அதே காலத்தில், தலைகுந்தா அருகே முத்தநாடு மந்து என்னும் தோடர் குடியிருப்பில் தோடர்கள் தங்கள் பழமையான கூரைக் கோயிலில் கூடி வழிபட்டு, கைகோத்து ஆடிப் பாடுகிறார்கள். இளைஞர்கள் உருண்டைக் கல்லைத் தூக்கி வலிமையைக் காட்டுகிறார்கள். இவை காட்சிக்காக நடத்தப்படும் நிகழ்ச்சிகள் அல்ல, வழிபாடுகள். விசாரித்து, அனுமதி உள்ள எல்லை வரை மட்டும் சென்று, கோயிலின் அருகே போகாமல், கேட்காமல் படமெடுக்காமல் நிற்பவர்களை அவர்கள் அன்போடுதான் நடத்துகிறார்கள்.

குளிருக்குப் போர்த்திக்கொள்ள நினைவுப்பொருளொன்று வாங்க எண்ணுகிறவர்கள், கடைவீதியின் ஆலைச் சால்வைகளை விட்டுவிட்டுத் தோடப் பெண்களின் பூத்தையல் சால்வையைத் தேடலாம். தடித்த வெள்ளைப் பருத்தித் துணியில், இழைகளை எண்ணியெண்ணிச் சிவப்பு, கறுப்பு நூலால் தைக்கப்படும் அந்த வேலைப்பாட்டுக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு சால்வையை முடிக்கப் பல வாரங்கள் ஆகும் என்பதை நினைத்தால் விலையில் பேரம் பேச மனம் வராது. தைத்தவரிடமிருந்தோ அவர்களின் கூட்டுறவு வழியாகவோ வாங்குவதே சிறந்தது.

இரவு வானம்

உறைபனிக்குத் தேவையான அதே தெளிந்த வானம் இரவில் இன்னொரு விருந்தைத் தருகிறது. ஊர் விளக்குகளிலிருந்து சற்று ஒதுங்கிய விடுதியின் முற்றமே இதற்குப் போதும். காட்டோரச் சாலைகளில் வண்டியை நிறுத்திக்கொண்டு நிற்கத் தேவையில்லை. கண் இருளுக்குப் பழக இருபது நிமிடம் ஆகும். அதுவரை கைப்பேசியைத் தொடக் கூடாது. ஜனவரி நடுவில் இரவு ஒன்பது மணிக்கு ஏறத்தாழ தலைக்கு நேர் மேலே சிறு கொத்தாகத் தெரிவது கார்த்திகை. அதன் அருகே ஆரஞ்சு நிறத்தில் ரோகிணி. கிழக்கே செந்நிறத்தில் திருவாதிரை. பஞ்சாங்கத்தில் பெயர்களாக மட்டும் அறிந்தவற்றைப் பிள்ளைகளுக்கு வானத்தில் காட்டுவதற்கு இதைவிட நல்ல வகுப்பறை கிடையாது. பத்து மணிக்கு மேல் தெற்கே தாழ்வாக, அமைதியாக ஒளிரும் பெரிய விண்மீன் அகத்தியர். இரவு வானத்தின் ஒளி மிக்க விண்மீன்களில் அது இரண்டாவது. வட இந்திய மலைகளிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது அடிவானத்தை ஒட்டியே தெரியும்; நமக்கு நன்றாக மேலேறி நிற்கும். டிசம்பர் 13, 14 தேதிகளில் தங்க நேர்ந்தால், நள்ளிரவை ஒட்டி மிதுன எரிகற்பொழிவைக் காணலாம்.

பகலில் நேரம் கிடைத்தால், உதகையை அடுத்த முத்தொரையில் மலைச்சரிவில் நீண்டு கிடக்கும் ரேடியோ தொலைநோக்கியையும் தொலைவிலிருந்து பார்த்துவிட்டு வர வேண்டும். 1970இல் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டி முடிக்கப்பட்ட அது 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உடையது. அதை நிறுவ இந்தச் சரிவைத் தேர்ந்தெடுத்த காரணம் வியப்பூட்டுவது: உதகையின் அட்சரேகை ஏறத்தாழ 11 டிகிரி, அந்தச் சரிவின் சாய்வும் அதே 11 டிகிரி. ஆகவே தொலைநோக்கியின் நீண்ட அச்சு பூமியின் சுழற்சி அச்சுக்கு இணையாக அமைந்துவிட, ஒரே அச்சில் திருப்பியபடி ஒரு விண்பொருளைப் பல மணி நேரம் தொடர்ந்து நோக்க முடிகிறது.

இரவில் மலைப்பாதையில் வண்டி ஓட்டுவதைப் பனிக்காலத்தில் கூடுமானவரை தவிர்க்க வேண்டும். மூடுபனியில் முகப்பு விளக்கின் உயர்ந்த ஒளி கண்ணையே மறைக்கும். தாழ்ந்த ஒளியில், இரண்டாவது கியரில், முன்செல்லும் வண்டியிலிருந்து விலகி இறங்க வேண்டும். முதுமலை, பந்திப்பூர் வழியாகக் கர்நாடகம் போகும் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடப்பட்டிருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

படுக்கப் போகுமுன் காரின் முன்கண்ணாடி மேல் பழைய போர்வையொன்றை விரித்து, அதன் ஓரங்களைக் கதவிடுக்கில் செருகி வைக்க வேண்டும். காலையில் கண்ணாடியில் பனி கட்டியிருந்தால் வெந்நீர் ஊற்றக் கூடாது, விரிசல் விட்டுவிடும். எஞ்சினை ஓடவிட்டு, உள்ளிருந்து வெப்பக் காற்றைச் செலுத்தினால் தானே இளகும். குளிரில் கைப்பேசியின் மின்கலம் விரைவில் இறங்கிவிடுவதால் அதைக் கம்பளிக்குள்ளேயே வைத்துக்கொண்டு தூங்கலாம். கேமராவை மட்டும் பைக்குள் வைத்து மூடிவிட வேண்டும், இல்லையென்றால் வெளிக்குளிருக்கும் அறைச்சூட்டுக்கும் இடையே லென்ஸில் ஈரம் படியும். வெந்நீர்க் குடுவையை நிரப்பித் தரும்படி விடுதிச் சமையலறையில் இரவே சொல்லிவிட்டு, அலாரத்தை ஐந்து மணிக்கு வைத்துவிட்டால், மறுநாள் காலைக்கான ஏற்பாடு அவ்வளவுதான்.